பெரிதாக்கிப் பார்க்காத படம்

“மார்கழி, மூன்றாம் வெள்ளி. காலை 7.40 முதல் 8.05 வரை. ஊருணி, கோயில், நான்கு தெருக்கள். பனி விலகிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. பின்னர் சேர்த்தது, தை, முதல் புதன்: இதைத் தொடர்ந்து வந்த வேலை ஒன்றை மறுத்தேன். காரணம்:”

என் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் அதோடு நிற்கிறது. மீதி வெள்ளைத் தாள்.

தபால் அலுவலகத்தில் தேதி முத்திரை குத்தியே காலம் கழித்தவன் நான். ஓய்வுபெற்றுப் படம் எடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாள், நேரம், வெளிச்சம், எடுத்தவை, மறுத்தவை எல்லாம் எழுதுவேன். மறுத்ததற்குக் காரணமும் எழுதுவேன். சண்டைக்குப் பிறகு ஒரு வீட்டில் குடும்பப் படத்திலிருந்து மருமகனை நீக்கச் சொன்னார்கள். “அன்று அவர் அங்கே இருந்தார்” என்று எழுதினேன். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் கழுத்துத் தேமலை எடுக்கச் சொன்னார் ஒரு தகப்பனார். பின்னால் நின்ற பெண் வேண்டாமெனத் தலையசைத்தாள். “அவளுக்குச் சம்மதம் இல்லை.” இப்படி ஒரு வரி போதும். மேலே சொன்ன வேலைக்கு ஒரு வரி போதவில்லை.

மானகிரிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரின் கோயில் திருப்பணிக்காக ட்ரோனில் படம் எடுக்கக் கேட்டிருந்தார்கள். அன்று அதை மேலே ஏற்றியபோது கைத்திரையில் முதலில் பனி மட்டும் தெரிந்தது. பால் ஆறி ஏடு ஒதுங்குவதுபோல அது ஒதுங்க, ஓட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் ஒரு வளவு, வானம் பார்த்த முற்றம். அதனுள் சதுரமாக ஒரு துண்டு வெயில். தெருவில் நடக்கும்போது சுவர்களாக மட்டும் நிற்கும் ஊர், மேலிருந்து பார்த்தால் கிணறு கிணறாக வெளிச்சம் நிரம்பிக் கிடந்தது. நான் ஊருணிக் கரையில் நிற்பதையே மறந்துவிட்டேன். கால்கள் தரையில் இருந்தனவா என்றுகூட இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

படங்களைச் சிறிதாக்கி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கேட்காமல் போட்டது என் பிழை.

தை முதல் புதன் காலை ஒருவர் வந்தார். கோயம்புத்தூரில் தொழில் செய்பவர், அந்த ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். உட்கார்ந்ததும் கைபேசியை நீட்டினார்.

“அண்ணே, இது எங்க வீடு. ரெண்டாங்கட்டு வளவுல மஞ்சளா ஒண்ணு கெடக்கு பாத்தீகளா?”

பார்த்தேன். கடுகு அளவில் ஒரு மஞ்சள்.

“அது சேலைண்ணே. வீடு பூட்டிக் கெடக்குன்னு எல்லாரும் நெனைக்கிறோம். ஒரு ஆச்சி, எனக்கு அக்கா முறை, பெரியப்பா மக, புருசன் வீட்டோட ஒத்துவராம வந்து பின்வாசல் வழியா உள்ள தங்கியிருக்காகன்னு பேச்சு. ஒம்பது பங்கு வீடு. விக்கிறதுக்கு எட்டுப் பேரு ஒத்துக்கிட்டோம். உள்ள ஆளிருந்தா வாங்குறவரு வரமாட்டாரு. ஓடெல்லாம் ஒழுகுது, யாரு பாக்குறது, சொல்லுங்க.”

“நான் என்ன செய்யணும்?”

“பெரிய ஃபைலு வேணும். அதோட தொடர்ந்து நாலு நாளு காலையில மேல விட்டு எடுத்து, தேதி, நேரம் போட்டுக் குடுங்க. நீங்க தேதி எழுதுனா ஊருல யாரும் மறுத்துப் பேச மாட்டாகன்னு சொன்னாக.”

அது புகழ்ச்சிதான். ஆனால் இத்தனை காலம் பிழையில்லாமல் குத்திய முத்திரை, முகம் தெரியாத ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றப் போதுமானதாக இருந்தது.

“தெரியணும்னா கதவத் தட்டுங்களேன்.”

“தட்டுனா உசாராயிருவாகண்ணே.”

“தட்டாம வளவுக்குள்ள போற பழக்கம் எனக்கில்லீங்க.”

“எங்க உள்ள போறீக? ஆகாசத்துலதான இருக்கீக!” என்று சிரித்தார். கெட்டவர் இல்லை. எழுந்தவர், “சேலையா இல்லையான்னு பெருசாக்குனா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிரும். அதுக்கா இம்புட்டு யோசனை? சரி, வேற ஆளப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வளவு மழைக்கும் வெயிலுக்கும் திறந்துவைத்த இடம். கட்டியவர்கள் மேலே ஆகாயம் மட்டுமே இருக்கும் என்று நம்பிக் கட்டினார்கள். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகுதான் தோன்றியது.

என் மனைவி காபித் தம்ளரை எடுக்க வந்தாள். “அழிச்சுட்டீகளா அந்தப் படத்த?”

குழுவிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னேன். என்னிடம் உள்ளதை அழிக்கவில்லை.

“ஆமா, அழிச்சிருவீக! நம்ம கல்யாணப் படத்துல கண்ணு மூடியிருக்கீக, அதையே வச்சிருக்கீக. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா?”

“கேட்டா குடுக்கணும். அதுல என்ன இருக்குன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுவேன். அது பொய்யா இருக்கக் கூடாது.”

அவள் தம்ளரை எடுத்துக்கொண்டாள். “அந்தம்மாட்டயாவது சொல்ல வேணாமா, வேற ஆளப் பாக்குறாகன்னு?”

“போயிப் பாத்தாத்தான இருக்காகளான்னு தெரியும். பாத்துட்டா, தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“உங்களுக்குத்தான் தெரியக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கூடையோடு அந்த ஊர்க் கோயிலுக்குப் பேருந்தில் போனாள். பதினொன்றுக்கு வரவேண்டியவள் ஒன்றே காலுக்கு வந்தாள். எங்கே நேரமாயிற்று என்று நான் கேட்கவில்லை. குறிப்பேட்டில் 1.15 என்பது மட்டும் இருக்கிறது.

திருப்பணிக் குழு மாசியில் இன்னொரு முறை படம் கேட்டது. இம்முறை ட்ரோனைக் கோயில் மதிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். தெருக்கள் எங்கே என்றார்கள். எடுக்கவில்லை என்றேன். அதன் பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு வேறு ஆள் கிடைத்தாரா என்பதும் தெரியவில்லை. வீடு இன்னும் விற்கவில்லை என்று கேள்வி.

சில விடியல்களில் அந்தப் பனி எனக்குள் திரும்ப வருகிறது. கூரைகள் மிதக்கின்றன, ஏதோ ஒரு சதுரத்தில் மஞ்சள் அசைகிறது. அன்று காற்று இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். விழித்ததும் கணினிப் பக்கம் போய், படத்தைத் திறக்காமல் திரும்பிவிடுகிறேன்.

அது சேலையாக இருக்கலாம். யாரோ எப்போதோ விட்டுப்போன சாக்காக இருக்கலாம். ஓட்டு இடுக்கில் ஊடுருவிய வெயிலாகவும் இருக்கலாம். இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.