இரண்டாவது வயர்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே கண்டக்டரோடு வம்பளப்பவர். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இடி என்றால் தொடை நடுங்கும். தனக்காக அல்ல, நான் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் கம்ப்யூட்டருக்காக. இடியில் போன கரண்ட் திரும்பி வந்தால் தெருவே சந்தோஷப்படும், இவர் மட்டும் பதறுவார். "போற கரண்ட் ஒண்ணும் பண்ணாது. திரும்பி வர்றதுதான் முரட்டுத்தனமா வரும்" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் காவல் நிற்பார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் 'பிளக்பிடுங்கி' என்றே பெயர். வைத்தது நான்தான்.

அன்று மத்தியானம் வானம் இருண்டது. எட்டு மாதம் உழைத்த அறிவியல் புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து போன் செய்தார்.

"பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேங்க. கையிலதான் வெச்சிருக்கேன், கும்பிடட்டுமா?"

பொய்யில்லை, நிஜமாகவே பிடுங்கியிருந்தேன். சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலேயே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 'டப்' என்றது. கருகல் நாற்றம் வந்தது. பிளக் என் கையில் இருக்க, பெட்டி எப்படி எரியும்?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் கடைக்கு ஓடினேன். அவர் திறந்து பார்த்து, "நெட் வயரைக் கழட்டலையா? இடி அந்த வழியாத்தான் வந்திருக்கு" என்றார். அதைக் கரண்ட் வயர் கணக்கிலேயே நாங்கள் சேர்த்ததில்லை.

"புத்தகத்துக்கு வேற காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

இருந்தது, பென்டிரைவில். தொலைந்துவிடக் கூடாதென்று அதைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தேன். அதுவும் போயிருந்தது.

விஷயம் தெரிந்து நேரே கடைக்கு வந்த வீட்டுக்காரர் திட்டவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மெக்கானிக் உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு புத்தகத்தின் பெயர் போட்ட ஃபோல்டர் தெரிந்தது.

"இருக்கும்மா. திறந்து பாக்கலாமா?"

"திறக்காதீங்க," என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். "முதல்ல காப்பி எடுங்க."

காப்பி ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது நூறைத் தொட்டபோது நான் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.