அக்கா மருந்து குடிக்கவில்லை

கொடைக்கானல் மலைமேல் கவுஞ்சியில் எங்கள் வயலும் என் புருஷனுடைய அண்ணன் வயலும் மேலும் கீழுமாக இருக்கின்றன. நடுவில் கல் அடுக்கிக் கட்டிய கரை. அந்தக் கரையின் ஒரு பொந்தில்தான் அந்த வருஷம் புதர்ச்சிட்டு கூடு வைத்தது.

புதர்ச்சிட்டு என்ற பெயர் எனக்குப் பின்னால்தான் தெரியும். பறவைப் படம் எடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் கறுப்புக்குருவி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆண் நல்ல கறுப்பு, இறக்கையில் ஒரு வெள்ளைக் கீற்று, வாலடியில் கொஞ்சம் வெள்ளை. பெண் காய்ந்த மண் நிறம். வரப்பில் உட்கார்ந்தால் மண்கட்டி எது குருவி எது என்று தெரியாது.

அதை எனக்கு முதலில் காட்டியது அந்த அண்ணனின் மனைவி. அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. மேல் வயலில் அவள் சிரித்தால் கீழே ரோட்டில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஊர் கடைசியில் இதைத்தான் பிடித்துக்கொண்டது.

களை எடுக்கும்போது அவள் கண் பாதி நேரம் குருவி மேல்தான் இருக்கும். ஆண், தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்லர் குழாய் உச்சியில் வாலை ஆட்டியபடி உட்கார்ந்திருக்கும். தரையில் எது அசைந்தாலும் தொப்பென்று இறங்கி, பிடித்துக்கொண்டு, திரும்பவும் அதே குழாய்க்கு வந்துவிடும். எறும்பு, வெட்டுக்கிளி, பூச்சி, புழு எதையும் விடாது. பெண் தனியாகவே புல்லும் வேரும் சுமந்து பொந்துக்குள் போய்வந்தது. அக்கா சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் கல் மேல் வைப்பாள். சற்று நேரத்தில் அது காணாமல் போகும்.

"ஏ பிள்ள, இங்க பாரு. பாடுறது மட்டும் அவன் சோலி. மத்ததெல்லாம் இவ தலையில. நம்ம வீட்டு நெலவரந்தான் இங்கயும்."

ஒருநாள் ஆண், வயலோரம் நின்ற பிக்கப் வண்டியின் பக்கக் கண்ணாடியை விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. தன் நிழலை வேறொரு ஆண் என்று நினைத்துவிட்டது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியை மூடினாள்.

குஞ்சு பொரித்த பிறகு இரண்டுக்கும் உட்கார நேரமில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வாயில் புழுவோடு பறந்தபடியே இருந்தன. பொந்துக்கு நேராகப் போகாமல், முதலில் குழாய் மேல் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். நாங்கள் கிட்டே போனால் இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி சத்தம் போடும்.

அந்த நேரத்தில் அக்கா வயலில் முட்டைக்கோஸ் உருண்டு வந்துகொண்டிருந்தது. புழு வழக்கத்தைவிட மோசம். ஓட்டை விழுந்த கோஸை யாரும் வாங்க மாட்டார்கள். அக்கா புருஷன், எனக்கு மச்சான், கடையில் கேட்டு, புதிதாக வந்த பூச்சிமருந்து ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அடிக்க வேண்டிய நாளில் அவருக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அக்கா தானே அடிக்கிறேன் என்றாள். அவள் அடிப்பது புதிதில்லை. மச்சானுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஸ்ப்ரேயரை முதுகில் ஏற்றினாள். மருந்து கலக்கும் ட்ரம்மில் நான் தண்ணீர் சுமந்து ஊற்றினேன்.

கரையை ஒட்டிய வரிசைகளை அவள் தொடவில்லை.

"அத விட்டுட்டேன். அந்தப் புழுவக் குருவி தின்னுட்டுப் போகட்டும். குஞ்சும் குளுவானுமா இருக்குதுக."

வெயில் ஏறியது. ஸ்ப்ரேயர் மூடி சரியாகப் பிடிக்கவில்லை. அவள் குனியும்போதெல்லாம் மருந்து வழிந்து முதுகில் இறங்கியது. சட்டை ஒட்டிக் கிடந்தது.

"அக்கா, முதுகெல்லாம் நனையுது. எறக்கி வைங்க."

"இன்னுங் கொஞ்சந்தான். வெரசா முடிச்சுட்டுப் போயிக் குளிச்சிருவேன்."

இதற்குள் அடித்த வரிசைகளில் புழுக்கள் இலையிலிருந்து உதிர்ந்து தரையில் நெளிந்தன. குருவிகளுக்கு விட்டுவைத்த வரிசை எது என்று தெரியுமா? இலைக்கு அடியில் தேட வேண்டியதில்லை, மண்ணில் பரப்பி வைத்த மாதிரி கிடக்கிறது. ஆண் இறங்கி வாய் நிறையப் பொறுக்கியது. அக்கா "சூ, சூ" என்று கையை வீசி விரட்டினாள். அது குழாய்க்குப் போய், அவள் திரும்பியதும் மறுபடி இறங்கியது.

கடைசி வரிசையில் அவள் நின்றுவிட்டாள். கண் மங்குகிறது என்றாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது, அவளுக்கே அது தெரியவில்லை. நான் ஸ்ப்ரேயரைக் கழற்றுவதற்குள் வாந்தி எடுத்துக்கொண்டு வரப்பில் சரிந்தாள். சட்டையைக் கிழித்து எறிந்து தண்ணீரை ஊற்றினேன். என் கத்தலைக் கேட்டு என் புருஷன் ஓடி வந்தார். பிக்கப்பில் போட்டுக்கொண்டு கொடைக்கானல் போனோம். அங்கே ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மலை இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் உடம்பில் சதை எல்லாம் தனித்தனியாகத் துடித்தது.

மதுரையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு குடிச்சாங்க?"

"குடிக்கலைங்க. அடிச்சாங்க. முதுகுல ஊத்திக்கிச்சு."

"வீட்டுல ஏதும் சண்டையா?"

"இல்லைங்க."

"பிள்ளைங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற யாரோ, "இல்ல" என்றார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. வைத்தியத்தில் அவர்கள் குறை வைக்கவில்லை. அக்கா மறுநாள் மதியம் போய்விட்டாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "அந்த ட்ரம்ம மூடுனியா?" என்று என்னைக் கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

போலீஸ் வந்தது. என்னிடம் கேட்டார்கள், சொன்னேன். மருந்து அடிக்கிறவர்கள் இத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள், இவள் மட்டும் எப்படிச் செத்தாள் என்று ஒருவர் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அவளுடைய அண்ணன் தம்பிகள் மலைக்குக் கீழேயிருந்து வந்தார்கள். எடுப்பதற்கு முன்னால், எல்லார் முன்னிலையிலும், பெரியவன் மச்சானைக் கன்னத்தில் அறைந்தான்.

"பிள்ள இல்லைன்னு என்னடா சொன்ன அவள? என்ன சொல்லி மருந்தக் குடிக்க வச்ச?"

மச்சான் கையை எடுத்துத் தடுக்கக்கூட இல்லை. நான் நடுவில் போய், "நான் கூடத்தான் இருந்தேன், அண்ணே. அக்கா குடிக்கலை" என்று கத்தினேன். என்னை யாரோ ஒரு பெண் இழுத்து உட்கார வைத்து, "நீ சும்மா இரு தாயி. குடும்பத்தக் காப்பாத்தத்தான் சொல்லுவ" என்றாள்.

எடுத்த மறுநாள்தான் நான் வயலுக்குப் போனேன். ஆண் குருவி ஸ்பிரிங்லர் குழாயடியில் கால் மடங்கிக் கிடந்தது, எறும்பு மொய்த்துப்போயிருந்தது. பெண் உயிரோடு இருந்தது. வாயில் பச்சைப் புழுவோடு பொந்தின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போய், அதே புழுவோடு வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. அது பறந்தபோது நான் குனிந்து பார்த்தேன். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வாய் பாதி திறந்தபடி காய்ந்திருந்தன.

மச்சானைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவராவது நம்ப வேண்டும் என்றிருந்திருக்கும். அவர் குனிந்து பொந்துக்குள் பார்த்தார்.

"ஏந்தாயி, நெசமாவே அவ குடிக்கலையா?"

ஊர் அவரையும் மாற்றிவிட்டிருந்தது.

"இல்ல மச்சான். சத்தியமா இல்ல."

அதன்பிறகு அவர் அந்த நிலத்தில் இறங்கவில்லை. குத்தகைக்கு என் புருஷனிடமே விட்டுவிட்டு, கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். பெண் குருவி இன்னும் சில நாள் அந்தக் குழாயில் தெரிந்தது, பிறகு காணவில்லை. கோஸை அறுத்து அனுப்பினோம். நன்றாகத்தான் விளைந்திருந்தது. இப்போதும் அங்கே கோஸ் போடுகிறோம், மருந்தும் அடிக்கிறோம். அடிக்காமல் ஒரு போகம் விட்டுப் பார்த்தோம், மாட்டுக்குத்தான் போட வேண்டியிருந்தது. புருஷன் அடிக்கும் நாளில் நான் கரையில் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன தை மாதம் கிளாவரையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தாள். சொன்னேன்.

"ஓ, அந்த மருந்து குடிச்சுச் செத்துச்சே, அந்த வீடா?"

"அவங்க குடிக்கலைங்க. மருந்து அடிக்கும்போது மேல பட்டுருச்சு."

"ஆமா, ஆமா" என்றாள் அந்த அம்மா. என் பக்கம் திரும்பாமலே, இலையை நனைத்துத் துடைத்துவிட்டு, சாம்பார் வாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.