வைத்தியருக்குக் கொடுத்த குரல்

1. இருபத்தெட்டாம் அத்தியாயம்

கொலைகாரன் யார் என்று இருபத்தெட்டாம் அத்தியாயத்தில்தான் எனக்கே தெரிந்தது. அதற்கு முந்தைய அத்தனையையும் ஏற்கெனவே வாசித்துப் பதிவு செய்து முடித்திருந்தேன்.

பிரேசர் டவுனில், ஒரு பேக்கரிக்கு மாடியில், ஒலிப்புத்தக ஸ்டுடியோவில் நாவல் வாசிப்பது என் வேலை. சோப்பு விளம்பரம், கம்பெனிப் பயிற்சி வீடியோ என்று தொண்டையை விற்றுப் பிழைத்தவன், நாவலுக்கு வந்தபோது ஒரு கொள்கையோடு வந்தேன்: முன்கூட்டிப் படிக்கக் கூடாது, படித்தால் குரலில் ஆச்சரியம் செத்துவிடும். உண்மையில் அது சோம்பேறித்தனம். கொள்கை என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

அந்த நாவல் ஒரு கதம்பம். பழங்காப்பியம் ஒன்றில் நியாயம் கேட்டு நின்ற பெண்ணைக் கூட்டிவந்து துப்பறிய விட்டிருந்தார் கவிதா. வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர். இது அவருடைய முதல் புத்தகம். கதை நடப்பது வேறொரு பெங்களூரில். அங்கே வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் கட்டவேயில்லை. பட்டாளம் வரவில்லை, பட்டாளத்துக்குச் சமைக்கவும் துவைக்கவும் கல் சுமக்கவும் வந்த எங்கள் தமிழ் ஜனங்களும் வரவில்லை. அரண்மனையில் ஒரு கொலை. ஐந்து பேர்மேல் சந்தேகம்.

கஷாயத்தில் விஷம் கலந்து கொன்றவர் அரண்மனை வைத்தியர். எழுத்தில் அவர் தங்கமான மனிதர். கடைசிவரை யாருக்கும் சந்தேகம் வராது. நானோ முதல் அத்தியாயத்திலேயே, சும்மா ஒரு சுவைக்காக, அவருக்குக் கரகரத்த தொண்டையும் வாக்கியத்துக்கு ஒரு ‘ஹெஹ்ஹே’வும் கொடுத்துவிட்டிருந்தேன். அவர் “கஷாயம் குடிங்க” என்றாலே போலீஸைக் கூப்பிடத் தோன்றும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் இர்ஃபான் ஹெட்போனைக் கழற்றினான்.

“கியா அண்ணே, கேஸு கோர்ட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்களே தூக்குல போட்டுட்டீங்க!”

“மேடம் எப்ப வராங்க?”

“மத்தியானம். மொதல்லேந்து கேக்கணுமாம்.”

அந்த வாரம்தான் முதலாளி என் தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தார்: “ரீடேக் ஜாஸ்தியாச்சுன்னா அடுத்த புக்கு மெஷின் வாய்ஸுக்குப் போயிடும் குரு. அது டீகூட கேக்காது.”

2. நாணல்

முதலில் காய்ச்சல் வரவழைக்கப் பார்த்தேன், உடம்பு ஒத்துழைக்கவில்லை. கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டும்போது அது போகாது. கீழே இறங்கி, கடைசிச் சாப்பாடு மாதிரி இரண்டு முட்டை பப்ஸ் தின்றுவிட்டு ஏறி வந்தேன். கவிதா உட்கார்ந்திருந்தார்.

கண்ணை மூடிக் கேட்டார். வைத்தியர் வாய் திறந்ததும் புருவம் ஏறியது. நான் கதவு எத்தனை அடி தூரம் என்று கணக்குப் போட்டேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. துப்பறியும் பெண் அல்சூர் ஏரிக்கரையில் நின்று தமிழில் வழி கேட்கிறாள். யாருக்கும் புரியவில்லை. சுற்றிலும் நாணல். அங்கே என் குரல் லேசாக உடைந்திருந்தது. இர்ஃபான் அதை வெட்டாமல் வைத்திருந்தான்.

“இங்க ஏன் சார் இப்படி? நான் அழுகை எழுதலையே.”

“அந்த நாணல் இருக்கு பாருங்க மேடம், நெஜ பெங்களூர்ல அந்த எடம்தான் ஜோகுபாளையம். எங்க வீடு அங்கதான்.”

வாசிக்கும்போது நினைவுக்கு வந்த ஒரு ஆடி மாதத்தை அவரிடம் சொன்னேன். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில், மைக் செட்டுக்காரர் சாப்பிடப் போன நேரம், என் கையில் முதன்முதலாக ஒரு மைக். “பச்சைச் சட்டை போட்ட பையனைக் காணோம்” என்று தெருவே அதிரக் கத்தினேன். பச்சைச் சட்டை போட்டிருந்தது நான்தான். தேடிவந்த அம்மா அடித்த அடியும் ஸ்பீக்கரில் கேட்டது. கவிதாவின் பெங்களூரில் அந்தத் தெருவும் இல்லை, அடியும் இல்லை.

கவிதா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “சரி, வைத்தியர்?” என்றார்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. “நீங்க இருபத்தெட்டு அத்தியாயம் ஒளிச்சு வெச்ச ஆளை நான் ஒண்ணுலயே புடிச்சுட்டேன் மேடம்! வேணும்னா மத்த நாலு பேருக்கும் ஒரு ஹெஹ்ஹே போட்டுடறேன், மகாராணிக்கும் சேத்து. எல்லாரும் திருட்டுப்பசங்களாவே இருக்கட்டும்…”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“பேசிட்டே இருங்க சார்.”

“எதை?”

“இதையேதான். உள்ள நடுங்குது, வெளிய தமாஷ் பண்றீங்க. என் வைத்தியர் இப்படித்தான் பேசுவாரு. எழுதினப்ப எனக்கே இந்தக் குரல் கேக்கல.”

வைத்தியரின் வரிகளை மட்டும் மறுபடி பேசி ஒட்டினோம். நடிக்கவில்லை. சொந்தக் குரல், சொந்த நடுக்கம். எட்டிப்பார்க்க வந்த முதலாளி முழு அத்தியாயமும் நின்று கேட்டார்.

“மெஷினுக்கு பயம் வராதே குரு, அதான் ப்ராப்ளம்” என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ சொன்னார். அடுத்த புத்தகம் என் மேஜைக்கு வந்தது.

3. கஷாயம்

புத்தகம் வெளிவந்ததும் என் மனைவி காதில் மாட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கினாள். தினம் ஒருவரைச் சந்தேகப்பட்டாள். முடிவு தெரிந்த அன்று கத்தியோடு ஹாலுக்கு வந்தாள்.

“அந்த வைத்தியரா? அப்படியே நீங்க பேசுற மாதிரி இருந்துச்சு, அதான் விட்டுட்டேன். இந்தாளு கரப்பான்பூச்சியைப் பாத்தாலே சேர்மேல ஏறுவாரே, இவரு எங்க கொல்லப்போறாருன்னு!”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பயம் வந்தால் மைக்கை அணைக்காதீர்கள். உங்கள் நல்ல குரல் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு நஷ்டமும் உண்டு. சளி பிடித்தால் என் மனைவிக்கு நான்தான் கஷாயம் போடுவேன். இப்போதெல்லாம் முதல் வாய் என்னைக் குடிக்கச் சொல்கிறாள்.