எட்டாம் எண் காலி

வம்சாவளி எழுதித் தருகிற எங்களுக்குச் செத்தவர்களால் ஒரு தொல்லையும் கிடையாது, எல்லாம் இருப்பவர்களால்தான். உங்கள் வீட்டிலும் யாராவது நோட்டும் பேனாவுமாக இதில் இறங்கியிருந்தால் நான் சொல்வது புரியும். வெளிநாட்டு வேலையை விட்டுப் பாபநாசம் திரும்பியபோது நான் கொண்டுவந்த முறை எளிது: கேட்பவர் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று சேர்த்தால் அம்மா.

முதல் எண்

நன்னிலத்து ஆசிரியை எஸ்தர் வந்தார். அண்ணன் ஜெயராஜ் கட்டிய புது வீட்டு ஹாலில் மாட்ட வம்சாவளிப் படம் வேண்டும். தேடி வந்தவர் என்பதால் அவருக்கே 1 போட்டேன். அண்ணன் தங்கையில் யாரை 1 என்று வைத்தாலும் முன்னோர் மாற மாட்டார்கள் என்று கூட வந்திருந்த ஜெயராஜிடம் விளக்கிப் பார்த்தேன்.

"வீடு என்னுது, மூத்தவன் நான், நம்பர் ஒன் அவளா சார்?"

இரண்டு இடத்தில் ஒருவர்

இவர்களுடைய அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. அதனால் அப்பாவின் அப்பாவான 4-ம், அம்மாவின் அம்மாவைப் பெற்ற 14-ம் ஒரே ஆள். பெயரை இரண்டாம் முறை தட்டியதும் கம்ப்யூட்டர் சிவப்பில் 'பிழை' என்றது. எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கம்மா மாமனைக் கட்டுனா இதுக்கு என்ன சார் வலிக்குது?"

ஒரு கோடு

அந்த 4-ம் எண்காரர், பண்ணையில் வேலை பார்த்த தாத்தா. அவருடைய ஞானஸ்நானம் சபைப் பதிவேட்டில் இருந்தது. தாய்: மரியாள், வயல் கூலி. தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு. ஆக, 9 கிடைத்தார்; 8 காலி. மாமன் கல்யாணத்தால் அவரே 14-ம் என்பதால், 28-ம் காலி.

"ஒரு காலியே தாங்காது, ரெண்டா? நல்ல பேரா ஒண்ணு போடுங்க சார், யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் ஜெயராஜ். முடியாது என்றேன், பொய்யை ஒருமுறை நட்டால் 16, 17 என்று அதற்கும் அப்பா அம்மா கேட்கும். "அப்ப மரியாளையும் எடுத்துடுங்க. தாத்தாவோட நிறுத்திக்கலாம்."

மாட்டப்போவது அவர் ஹாலில். அச்செடுத்திருந்த படத்தில் 9 மேல் பேனாவை வைத்தேன். எஸ்தர் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சேத்துல நின்னு ஒத்தையா புள்ளைய ஆளாக்குனவங்கண்ணே. அவங்க இல்லாம இது உன் ஹாலுக்கு வராது; என் வீட்டு வாசலுக்கு நேரா மாட்டுறேன், எட்டு காலின்னு தெருவுக்கே தெரியட்டும்."

இரட்டிப்பதும் ஒன்று சேர்ப்பதும்தான் என் வேலை. துணிச்சலை வருகிறவர்களே கொண்டுவர வேண்டியிருக்கிறது.