மகனுக்காக நான் சொன்ன இருபது சொல்

இரண்டு வயது முடிந்தும் என் மகன் என்னை "அம்மா" என்று கூப்பிடவில்லை. தாகம் எடுத்தால் என் விரலைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்ப் பானையைக் காட்டுவான்.

மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் எங்கள் வீடும் கொழுந்தன் வீடும் ஒரே வளவில். கொழுந்தன் மகள் என் மகனைவிட இரண்டு மாதம் இளையவள். விடிந்ததும் நடுவிலுள்ள தகரக் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். "பெரியம்மா, அண்ணா எழும்பிட்டானா?"

கையில் செபமாலை இருக்கும்போதும் எனக்கு வயிறு எரியும்.

அந்த மாதம் கிளினிக்குக்கு நானும் கொழுந்தன் மனைவியும் சேர்ந்துதான் போனோம். அவள் மகளுக்கு எல்லாம் சரி என்று அடையாளம் போட்டுவிட்டு, குடும்பநல மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"மகன் எத்தனை சொல் பேசுறான்?"

"இருபது இருக்கும் மிஸ். தண்ணி, பால், மாடு..."

மிஸ் புத்தகத்தில் சரி போட்டார். கொழுந்தன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காததுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. வீட்டுக்கு வந்ததும் கேற்றைக் கம்பியால் கட்டினேன்.

மகன் தகரத்தில் அடித்து அடித்து அழுதான்.

"பெரியம்மா, அண்ணா அழுறான். தொறங்க!"

அவன் கேட்க வேண்டியதையும் அவளே கேட்டாள்.

அன்று மாலை முழந்தாளிட்டேன், செபம் வரவில்லை. ஆண்டவருக்குத் தெரிந்ததை மிஸ்ஸிடம் மறைத்தேன். வீணாவது என் பிள்ளையின் காலம் அல்லவா? எழுந்துபோய்க் கம்பியை அவிழ்த்தேன். காலையில் மகனைத் தூக்கிக்கொண்டு, கொழுந்தன் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு மிஸ்ஸிடம் போய், "ஒரு சொல்லும் இல்ல மிஸ், பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"பொய் சொன்னா புள்ளைக்குத்தானே நட்டம்?" என்று ஏசியபடி மிஸ் சரியை வெட்டினார். பிறகு என்னை மகனிடம் ஒன்றிரண்டு சொல்லச் சொல்லிப் பார்த்தார், குரல் தணிந்தது. "கையால காட்டுறான், நீங்க சொல்றது விளங்குது, அது நல்லது. பிந்திப் பேசுற பிள்ளைங்கள்ல அநேகம் தானாவே பேசிடும். உங்க மகனும் அப்படித்தானான்னு பார்க்காம சொல்ல ஏலாது. முதல்ல காதைச் சோதிக்கணும்." மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்.

வரும் வழியில் கொழுந்தன் மனைவி சொன்னாள்: "அன்னைக்கே சொல்லியிருப்பேன்க்கா. நீங்க பார்த்த பார்வையில எனக்கே பேச்சு நின்னுடுச்சு."

சிரித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று அவள் மகள் கேற்றில் நின்று, "அண்ணா, போயிட்டு வாங்க!" என்று கத்தினாள். இவன் கையை மட்டும் உயர்த்தினான். அப்போதும் எனக்கு எரிந்தது. ஆனாலும் கேற்றைத் திறந்தே விட்டுவிட்டுப் போனேன்.