இலைப் பொட்டலம்

எனக்கு அப்போது ஏழு வயது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு கிண்ணம் பண்டத்தைச் சிந்தாமல் கொண்டுபோக என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எது செய்தாலும், நாங்கள் வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போகும். கொண்டுபோவது நான்தான். "பிள்ளை கையாலயே போகட்டும், அப்பத்தான் கை விரியும்" என்பாள் அம்மா.

என் கை விரிந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். இரண்டு முருங்கைக்காய், ஒரு பிடி பொரிகடலை, எதுவும் இல்லையென்றால் ஒரு சிட்டிகை சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். எதிர்வீட்டு அக்கா தாராளக்காரி. நான் பணியாரம் கொண்டுபோனால் கிண்ணத்தில் சப்பட்டை மாம்பழம் உட்கார்ந்து வரும். அதனால் தர்மம் செய்வதில் எனக்கு அடங்காத ஆசை.

அந்த அக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டிலேயே தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்தார்கள். அந்த வருஷம் ஆடியில் நூல் வராமல் தறி நின்றுபோனது. அதனால் எனக்கு வந்த நஷ்டம் ஒன்றுதான். போன கிண்ணம் திரும்பவில்லை. "நாளைக்குக் குடுத்து விடுதேன்னு அம்மாகிட்டச் சொல்லு" என்பார் அக்கா. இப்படியே மூன்று கிண்ணம் அங்கே சேர்ந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து சுந்தரபாண்டியத்து அத்தை வந்திருந்தார். அப்பாவுக்கு மூத்தவர்.

"மூணு கிண்ணத்தை அமுக்கிட்டாளே! கேக்க உனக்கு வாயில்லையாட்டி?"

"இருக்கட்டும் மதினி, எங்க போயிரப் போகுது" என்றாள் அம்மா.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. யாரும் சொல்லாமலே போய் நின்று, "அக்கா, எங்க கிண்ணம்" என்றேன்.

அடுப்படியில் மூன்றையும் பளபளவென்று விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார். அக்கா ஒன்றை நிமிர்த்தினார். ஒரு டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். இன்னொன்றையும் அப்படியே. அவர் மகள், நடை பழகுகிற குழந்தை, வாயில் ஒரு துண்டு கருப்பட்டியும் கையில் ஒரு துண்டுமாக உட்கார்ந்திருந்தது. அக்கா அதன் விரல்களைப் பிரித்துக் கையில் இருந்ததை எடுத்தார். அது வீறிட்டது.

"தீசுகோ கண்ணு, எடுத்துக்கோ, அம்மாகிட்டக் குடு. மத்த ரெண்டும் பொறவு தாரேன்னு சொல்லு" என்று கிண்ணத்தில் போட்டுத் தந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கருப்பட்டியைத்தான் பார்த்தேன்.

தெருவைத் தாண்ட எனக்குப் பத்து எட்டு. ஏழாவது எட்டில் கருப்பட்டி தீர்ந்துபோனது.

வாசலில் அத்தை கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "என்னட்டி, ஒண்ணும் போடலையா?"

"போடல" என்றேன்.

அவ்வளவுதான். அத்தையின் குரல் தெருமுனை வரைக்கும் போனது. "பாத்தியா அவ கொழுப்பை! வெறுங்கிண்ணத்தைக் குடுத்து விட்டிருக்கா! இனி அந்த வீட்டோட பேச்சுவார்த்தை வச்சே, நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

எதிரே அக்கா நடைக்கு வந்து நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார், சொல்லவில்லை.

அம்மா என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். சேலைத் தலைப்பால் உதட்டோரத்தைத் துடைத்து, அந்தக் கறையை அத்தையிடம் விரித்துக் காட்டினாள். எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "அவ போட்டுத்தான் விட்டிருக்கா மதினி. போட்டது இவ வயித்துல இருக்கு" என்றாள்.

அக்கா சிரித்துவிட்டார். அத்தை "களவாணிச் சிறுக்கி" என்று என் உச்சியில் ஒரு குட்டு வைத்தார்.

அதோடு முடிந்தது என்றிருந்தேன். உள்ளே கூட்டிப்போய் அம்மா கேட்டாள்: "கருப்பட்டிய அவ எங்க இருந்துட்டி எடுத்தா?"

"பாப்பா கையில இருந்து."

அம்மா என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பணியாரத்தை வாழையிலையில் மடித்து நாரால் கட்டினாள். கிண்ணத்தில் போவதைவிடப் பெரிய பொட்டலம். "கிண்ணம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"கிண்ணம்னா திரும்பி வாரப்ப நீ வழியில தின்னுருவ. இனி உனக்கு இலைதான்."

தெருவே பார்க்க எனக்கு ஒரு தண்டனை! இலையில் எதுவும் திரும்பி வராது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தினமும் கொண்டுபோனேன். ஒரு நாள் அந்தக் குழந்தை தத்தித் தத்தி வந்து பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டது. நானே பிரித்து ஒரு பணியாரத்தை ஊட்டினேன். என் விரலையும் சேர்த்துக் கடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு, எப்போது இலை கட்டுவாள் என்று அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

புரட்டாசியில் தறிச் சத்தம் கேட்டது. சில நாளில் அக்காவே மற்ற இரண்டு கிண்ணத்தையும் கொண்டுவந்தார். இரண்டிலும் கோபுரமாய்க் கருப்பட்டி. "நாளையில இருந்து கிண்ணத்துலயே கொண்டு போ" என்றாள் அம்மா. தண்டனை முடிந்தது என்று குதித்தேன்.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபின், என் வீட்டுக்காரருக்கு வேலையில்லாத ஒரு மழைக்காலத்தில், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் பாயசம் வந்தது. போட்டுத் தர ஒன்றும் இல்லாமல் அந்தத் தூக்கை நாலு நாள் விளக்கிக் கவிழ்த்தே வைத்திருந்தேன். அப்போதுதான் அம்மாவின் இலை எனக்குப் புரிந்தது.

இப்போது எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண்ணுக்கு மில்லில் வேலை போய்விட்டது. நேற்று இட்லியை இலையில் கட்டிப் பேத்தியிடம் கொடுத்தேன்.

"டப்பால குடுத்தா என்ன, ஆச்சி?"

"டப்பான்னா திரும்பி வாரப்ப நீ வழியில தின்னுருவ."

"நான் ஒண்ணும் திங்க மாட்டேன்!" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். நம்பிவிட்டாள்.