பந்தைக் கையால் எடுத்தவள்

எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், முசரவாக்கம் தாண்டிப் போகணும். திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே ஒரு மைதானம். பாரதக் கூத்து முடியும் நாள் துரியோதனனை மண்ணால் செய்து அங்கேதான் படுக்க வைப்பார்கள். மீதி நாளெல்லாம் அந்த மண் மேடாகக் கிடக்கும். அதன்மேல் பட்டால் பந்து நேராகப் போகாது.

அதில்தான் நாங்கள் ஃபுட்பால் பழகினோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சென்னையிலிருந்து ஒரு கோச்சும் ஒரு நாடக டீச்சரும் ஞாயிறுதோறும் வருவார்கள். முதலில் பந்து. அப்புறம் நாடகம். காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரே டீமில் ஆட வேண்டும் என்பது அவர்கள் போட்ட சட்டம். ஆடினோம். தண்ணீர் பாட்டில் மட்டும் தனித்தனியாக இருந்தது.

என் அக்கா கோல்கீப்பர். ப்ளஸ் ஒன் படித்தாள். நீளமான கை. வீட்டில் வாய் திறக்க மாட்டாள். கோலில் நின்றால் ஊருக்கே கேட்கும்படி என்னைத் திட்டுவாள்.

அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, அம்மாவின் தம்பி. எங்கள் மாமா. எனக்கு அதில் சந்தோஷம்தான். மாமா வந்தால் பைக்கில் காஞ்சிபுரம் கூட்டிப் போவார், ரோஸ் மில்க் வாங்கித் தருவார். கெட்டவர் இல்லை. அதனால்தான் யாருக்கும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் பண்ணிக்கொள்கிறேன் என்று அக்கா ஒரே ஒரு தரம் கேட்டாள். அம்மா கூலிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தம்பிகிட்ட நான் என்னான்னுமா சொல்றது?"

ராட்டினம் நிற்காமல் ஓடியது. அக்கா மறுபடி கேட்கவில்லை.

காணும் பொங்கல் அன்று நாடகம். தை கடைசியில் கல்யாணம்.

நாடகமும் ஒரு மேட்ச்தான். ஒரு பெண் கோலில் நிற்பாள். அவள் வீட்டார் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். அவள் திரும்பும்போதெல்லாம் ஒரு கோல் விழும். கடைசியில் மாலை போட்டு வெளியே நிறுத்திவிடுவார்கள். காலிக் கோலில் பந்து போய்க்கொண்டே இருக்கும். அப்போது அவள் மாலையைக் கழற்றிப் போட்டு ஓடிவந்து கடைசிப் பந்தைப் பிடிக்க வேண்டும். அந்த வேஷம் அக்காவுக்கு. பழகிய நாளில் ஒரு தரம்கூட அவள் அந்தப் பந்தை விட்டதில்லை. வீட்டில் நடப்பது டீச்சருக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை.

கூத்துப் பார்த்துப் பழகிய ஜனம், பாயோடு வந்து உட்கார்ந்தது. அப்பா ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நின்றார். மாமா பைக்மேல் சாய்ந்துகொண்டு கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கூட்டத்திடம் ஒரு விசிலைக் கொடுத்தாள்.

"தப்புன்னு தோணிச்சுன்னா யாரு வேணா ஊதலாம். ஆட்டம் நின்னுடும். ஊதினவங்க உள்ள வந்து மாத்திக் காட்டணும்."

முதலில் ஒரு பையன் சும்மா ஊதிவிட்டு ஓடினான். அடுத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஊதினார். உள்ளே வந்து பெண் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசினார். கைதட்டினார்கள். பிறகு அக்கா கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

விசில் கைமாறிக் கைமாறி அம்மாவிடம் வந்தது. அக்காவுக்குக் காகித மாலையைப் போட்டார்கள். மாமாவின் கூட்டாளிகள் அவர் முதுகில் தட்டினார்கள்.

அம்மா ஊதினாள். அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதினாள், காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் ஊதினாள். சத்தம் வந்தது.

எல்லோரும் நின்றோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக நடுவில் போய்ப் பந்தைக் குனிந்து எடுத்து, குடத்தை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

"சொல்லுங்கம்மா, நீங்க என்ன மாத்துவீங்க?" என்றாள் டீச்சர்.

அம்மா பந்தை இடுப்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"யக்கா, கையால தொட்டா ஃபவுலுக்கா," என்று ஒருவன் சொன்னான். சிரிப்பு எழுந்தது. மாமாவும் சிரித்தார். எனக்கு மானம் போனது. ஓடிப்போய் அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"கீழ வைமா. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. கோல்கீப்பர்தான் கையால புடிக்கலாம்."

அம்மா கோல் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அக்கா வெளியே மாலையோடு நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கோலை நோக்கி ஓர் எட்டு வைத்தாள்.

"வா, வூட்டுக்குப் போலாம்," என்றார் அப்பா. கத்தவில்லை.

அம்மா பந்தை என் கையில் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போய்விட்டாள். நான் பந்தை நடுவில் வைத்து, ஆடலாம் என்று கத்தினேன்.

ஆடினோம். காலிக் கோலில் பந்து போனது. அக்கா மாலையைக் கழற்ற வேண்டிய இடம் வந்தது. கழற்றவில்லை. டீச்சர் கைகாட்டினாள். அக்கா ஏரிக்கரையைப் பார்த்தபடி நின்றாள். கடைசிப் பந்தும் உள்ளே போனது. நாடகம் எப்படி முடிந்தது என்று தெரியாமல் ஜனம் பாயைச் சுருட்டியது.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கேட்டால் நல்லாயிருக்கிறேன் என்பாள். அம்மா சாகிறவரை அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவிடம் சண்டை போட்டேன். அம்மாவுக்கு ரூல் தெரியவில்லை, நீயும் மறந்துவிட்டாய், இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்துவிட்டீர்கள் என்றேன். அக்கா மாலையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"நீதான்டி ஒழுங்கா ஆடுன," என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது.